முதல் கதைவிளையாட்டை நடத்துபவருக்காகத் தேர்ந்தெடுங்கள்: வன்னியிலிருந்து ஒரு மதிப்பீடு

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளுள் எதை முதலில் எடுப்பது என்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆசிரியர்களும் நூலகங்களில் பணிபுரிபவர்களும் உயர்தர மாணவர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்பதே பெரும்பாலும் அவர்களுடைய கேள்வி. பிள்ளைகளுக்கு ஏறத்தாழ எல்லாமே பிடித்துவிடும் என்பதை நான் கண்டிருப்பதால், என் மறுமொழியை வேறோர் இடத்திலிருந்து தொடங்குவது வழக்கம். விளையாட்டை நடத்தப் போகும் அந்த ஒருவரால் எதை முழுமையாக மனத்தில் வைத்திருக்க முடியும், அதில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒவ்வாத பகுதி வந்தால் ஆட்டம் குலையாமல் எதை அந்த இடத்திலேயே வெட்டி எடுக்க முடியும் என்பதே முதலில் பார்க்க வேண்டியது. கீழே வரும் மதிப்பீடுகள் அனைத்தும் இந்த அளவுகோலை வைத்தே எழுதப்படுகின்றன.

இவ்வகை விளையாட்டை அறியாதவர்களுக்கு அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று முதல் ஆறு பேர் வரை ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவரைத் தவிர மற்ற ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்பதைத் தாமே தீர்மானித்துச் சொல்கிறார்கள். எஞ்சிய ஒருவர் அந்தக் கதை நிகழும் உலகத்தையும், அதிலுள்ள மற்ற மனிதர்களையும் விலங்குகளையும் ஆபத்துகளையும் தம் வாயால் உருவாக்கிக் காட்டுகிறார். செய்ய முயன்றது நிறைவேறுமா என்பது நிச்சயமில்லாத இடத்தில் தாயக்கட்டை உருட்டப்படுகிறது. முள்ளியவளைப் பக்கத்தில் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நடத்துபவரின் பொறுப்பை அண்ணாவியாரின் பொறுப்போடு சேர்த்துச் சொன்னால் உடனே விளங்கிவிடும்: ஆட்டத்தின் வேகம் அவர் கையில் இருக்கிறது, ஆடுபவர் தடுமாறினால் அடி எடுத்துக் கொடுப்பவரும் அவரே. ஆனால் அண்ணாவியாருக்குக் கூத்துக் கொப்பி இருக்கிறது; இங்கே அடுத்த வரியை யாரும் எழுதி வைக்கவில்லை.

எங்கள் ஊர்களில் நடத்துபவர்மீது இன்னுமொரு பாரமும் ஏறுகிறது. நான் அறிந்த விதிநூல்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் உள்ளவை. ஆகவே அவர் ஆங்கிலத்தில் வாசித்ததைத் தமிழில் சொல்ல வேண்டும். பிள்ளை ஒருவர் கேள்வி கேட்டதும் புத்தகத்தைப் புரட்டி, உரிய பந்தியைக் கண்டுபிடித்து, விளங்கிக்கொண்டு, மீண்டும் தமிழாக்க வேண்டும். அந்த இடைவெளியில் மேசையைச் சுற்றியிருப்பவர்களின் கவனம் கலைந்துவிடுகிறது. சனசமூக நிலையத்திலோ பாடசாலை நூலகத்திலோ கிடைக்கும் நேரமும் அளவானது. தனியார் வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகள் கடைசிப் பேருந்துக்கு முன்னரோ, யானை நடமாட்டமுள்ள வீதிகளில் இருட்டுவதற்கு முன்னரோ வீடு திரும்ப வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்குள் தொடங்கி முடிக்கக்கூடிய விளையாட்டுக்கே இங்கே வாழ்வு உண்டு.

இத்துறையில் மிகவும் புகழ்பெற்ற பெயர் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கி 1974ஆம் ஆண்டு வெளியிட்ட அந்த விளையாட்டிலிருந்தே இந்தத் துறை முழுவதும் கிளைத்தது. இன்று விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் அதனை வெளியிடுகிறது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் தொடக்கப் பெட்டியில் 32 பக்க விதிநூல் ஒன்றும், 64 பக்கக் கதைநூல் ஒன்றும், ஆயத்தமாக எழுதிவைத்த ஐந்து பாத்திரங்களும், ஆறு தாயக்கட்டைகளும் இருந்தன. நான்கு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது என்று வெவ்வேறு எண்ணிக்கையில் முகங்கள் கொண்ட அந்தக் கட்டைகளைக் கையில் எடுக்கும்போது பிள்ளைகளின் முகத்தில் வரும் ஆர்வத்துக்கு ஈடாக வேறெதையும் சொல்ல முடியாது. பொருளின் தரமும் கதைநூலின் எழுத்தும் சிறந்தவை. இதை நான் குறைவாக மதிக்கவில்லை.

ஆயினும் முதல் விளையாட்டாக இதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு ஆற்றல்கள், அவற்றிலிருந்து கணக்கிடப்படும் கூட்டல் கழித்தல்கள், தேர்ச்சிக்கான மேலதிகப் புள்ளி, கவசத்தின் எண், மந்திரங்களை ஒரு நாளில் எத்தனை முறை பயன்படுத்தலாம் என்ற வரம்பு என்று பல கணக்குகள் உள்ளன. இவற்றில் ஒவ்வொன்றும் தனியே எளிமையானது. ஒரு பிள்ளை தன் சூனியக்காரப் பாத்திரத்தின் மந்திரத்தைப் பற்றிக் கேட்கிற அதே கணத்தில் இன்னொரு பிள்ளை தன் வில்லின் எறிதூரத்தைக் கேட்டால், அனுபவமற்ற நடத்துபவர் புத்தகத்துக்குள் மூழ்கிப் போகிறார். பெட்டியைக் கடந்து முழு விதிநூலுக்குப் போனால் 2014ஆம் ஆண்டின் ஆடுபவர் கைநூல் 320 பக்கம். 2024இல் திருத்தி வெளியிட்ட பதிப்பு 384 பக்கம். இதனோடு வெளிநாட்டிலிருந்து பொதியாக வரவழைக்கும் செலவையும் சுங்கத்தையும் சேர்த்தால், பாடசாலை நூலகத்தின் ஓர் ஆண்டுக்குரிய புத்தகப் பணத்தில் பெரும் பங்கு ஒரே பெட்டிக்குப் போய்விடக்கூடும்.

பணத்தையும் பக்கங்களையும் விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அந்த 2014ஆம் ஆண்டுப் பெட்டியிலுள்ள கதையின் முதற் காட்சி இது: பாத்திரங்கள் ஒரு வண்டியில் பொருட்களை ஏற்றிக்கொண்டு காட்டுவழியே போகும்போது, அம்பு தைத்து இறந்த இரண்டு குதிரைகள் வீதியின் குறுக்கே கிடக்கின்றன; அருகே சென்றதும் பற்றைக்குள் மறைந்திருந்தவர்கள் பாய்ந்து தாக்குகிறார்கள். அதற்கு முன் அதே வழியில் சென்ற இருவர் பிடித்துச் செல்லப்பட்டிருக்கிறார்கள். அவர்களைத் தேடிச் செல்வதே கதையின் தொடர்ச்சி. அமெரிக்காவில் ஒரு வீட்டு மேசையில் இது விறுவிறுப்பான தொடக்கம். ஏ9 வீதியின் இரு புறமும் வாழ்கிறவர்களுடைய மேசையில் இதனை வைப்பதற்கு முன் நடத்துபவர் நின்று யோசிக்க வேண்டும். இன்று பாடசாலையில் இருக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் 2009க்குப் பின் பிறந்தவர்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் வளர்ந்த வீடுகளில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்கள் சுவரில் இருக்கின்றன. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அந்த உறவினர்கள் வீதியோரக் கொட்டகைகளில் தொடர்போராட்டம் தொடங்கியது 2017இல். கொண்டுசெல்லப்பட்ட ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்துப் பரிசு பெறும் கதையை அந்த வீட்டுப் பிள்ளையின் முன் விளையாட்டாக வைக்க எனக்கு மனம் ஒப்பாது.

இதையே நிலத்தடிப் பொறிகளைப் பற்றியும் சொல்வேன். நிலவறைக்குள் இறங்கித் தேடும் கதைகளில், மிதித்த கல் அமிழ்ந்ததும் இயங்கும் பொறி வழக்கமாக வருவது. கண்ணிவெடி அகற்றும் பணியாளர்களின் சிவப்பு எச்சரிக்கைப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, அகற்றும் பணியிலேயே தன் தாயோ சிறியதாயோ வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு, அந்தக் காட்சியில் விளையாட்டு எதுவும் இல்லை. சிறிய விதிகள் கொண்ட விளையாட்டில் அத்தகைய பொறியை எடுத்துவிட்டு, சரிந்து விழக்கூடிய பழைய மண்சுவரையோ ஆழம் தெரியாத கிணற்றையோ வைத்தால் எதுவும் குலைவதில்லை. நீண்ட கதைநூலில் அடுத்த அத்தியாயம் முந்திய அத்தியாயத்தின்மேல் கட்டப்பட்டிருப்பதால், முதன்முறை நடத்துபவருக்கு எதை எடுத்தால் எது விழும் என்பது தெரியாது. முதல் விளையாட்டுச் சிறியதாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் காரணம் பெரிதும் இதுவே.

அப்படியானால் முதல் நாள் பிற்பகலுக்கு எது? கிராண்ட் ஹவிட் 2017இல் எழுதிய ஹனி ஹைஸ்ட் என்ற ஒரு பக்க விளையாட்டை நான் முழு மனத்துடன் பரிந்துரைக்கிறேன். இதில் ஆடுபவர்கள் அனைவரும் கரடிகள். தேன் கண்காட்சி ஒன்று நடக்கிறது. அங்கே வைத்திருக்கும் அரிய தேனை எடுத்துக்கொண்டு தப்ப வேண்டும். விதி முழுவதும் இதுதான்: ஒவ்வொருவருக்கும் கரடித்தனம், களவுத்திறன் என்று இரண்டே எண்கள், இரண்டும் மூன்றில் தொடங்குகின்றன. கரடி செய்யக்கூடியதைச் செய்ய முயன்றால் முதல் எண்ணுக்கும், திட்டமிட்ட கள்வர் செய்யக்கூடியதைச் செய்ய முயன்றால் இரண்டாவது எண்ணுக்கும் எதிராக, சாதாரண ஆறுமுகத் தாயக்கட்டையை உருட்ட வேண்டும். அந்த எண்ணோ அதற்குக் குறைவோ வந்தால் வெற்றி. தொடக்கத்தில் எதைச் செய்தாலும் சரிக்குச் சரி வாய்ப்பு என்பதை எட்டு வயதுப் பிள்ளையும் கணக்கிட்டுக்கொள்கிறது.

அதன் அழகு அடுத்த விதியில் இருக்கிறது. திட்டம் பிழைத்துச் சிக்கலில் மாட்டும்போது களவுத்திறனிலிருந்து ஒரு புள்ளி கரடித்தனத்துக்குப் போகிறது. திட்டம் பிசகாமல் நிறைவேறும்போது கரடித்தனத்திலிருந்து ஒரு புள்ளி களவுத்திறனுக்கு வருகிறது. கரடித்தனம் ஆறை எட்டினால் அந்தப் பாத்திரம் முழுக் கரடியாகி ஆட்டத்திலிருந்து போய்விடும். களவுத்திறன் ஆறை எட்டினால் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடும். ஆகவே தொடர்ந்து வெல்வதும் ஆபத்து, தொடர்ந்து தோற்பதும் ஆபத்து. இதை விளங்கிக்கொண்டதும் பிள்ளைகள் ஒருவரையொருவர் சமநிலைக்குக் கொண்டுவரத் தாமாகவே திட்டமிடத் தொடங்குகிறார்கள். ஒரு பக்க விளையாட்டு ஒன்று இவ்வளவு ஒத்துழைப்பை வரவழைப்பதைப் பார்த்து வியந்திருக்கிறேன்.

பாத்திரம் உருவாக்குவதற்கும் தாயக்கட்டையே போதும். ஒருவர் எவ்வகைக் கரடி, எப்படிப்பட்ட குணம், குழுவில் என்ன வேலை என்பனவற்றை ஆறு ஆறாகப் பிரித்த பட்டியலிலிருந்து உருட்டி எடுக்கலாம். பனிக்கரடியும் பண்டாவும் வரும் அந்தப் பட்டியலில் எங்கள் காட்டுக் கரடி இல்லை. வன்னியில் தேன் எடுக்கப் போகிறவர்கள் யானையைவிட அதிகமாக அஞ்சுவது அதற்குத்தான் என்பதால், ஓர் இடத்தை அதற்குக் கொடுத்துவிடுவது நல்லது. என்னோடு ஆடும் மாணவர்கள் கண்காட்சியை விவசாயக் கண்காட்சியாக மாற்றி, முறிகண்டியில் கச்சான் விற்பவர்களையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள். களவைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகக் காட்டலாமா என்று பெற்றோர் ஒருவர் கேட்டால் அதனை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். காட்டிலிருந்து எடுத்துச் சென்ற தேனைக் கரடிகள் மீட்கின்றன என்று தொடக்கத்தை மாற்றினாலும் விதியில் ஓர் எழுத்தும் மாற வேண்டியதில்லை. இதற்கு ஒரு குறையும் உண்டு: இது ஒரு நாள் விளையாட்டு. அதே கரடிகளை அடுத்த வாரமும் கொண்டுவந்தால் சுவை குன்றிவிடும்.

ஒரு நாள் ஆடிவிட்டுப் பிள்ளைகள் தொடர்ந்து கேட்கும்போது எடுக்க வேண்டியது, என் மதிப்பில், யோகாய் கால் எழுதி 2020இல் வெளியிட்ட கெயர்ன். இது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அச்சிட்டால் ஓர் அப்பியாசக் கொப்பியைவிட மெலிந்த சிறுநூல். அடர்ந்த, மர்மம் நிறைந்த ஒரு காட்டுக்குள் நுழைந்து தேடுகிறவர்களின் கதையாக அது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. காடு என்றால் பாலையும் வீரையும் முதிரையும், வற்றிய குளத்தின் நடுவே தெரியும் பழைய துருசும், யாரும் வழிபடாத கல்லும் என்று உடனே கண்முன் காணக்கூடிய பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கத்தை நான் கண்டதில்லை. முத்தையன்கட்டுக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் கைவிடப்பட்ட சிறுகுளங்களைப் பற்றி அவர்களுடைய பாட்டன்மார் சொன்னவற்றையே நடத்துபவர் கதைக்களமாக எடுத்துக்கொள்ளலாம். நூலிலுள்ள பனிதேசத்துப் பேய்களை அப்படியே வைத்திருக்க வேண்டியதில்லை.

கெயர்னின் பாத்திரத்துக்கு மூன்றே ஆற்றல்கள். வலு, சுறுசுறுப்பு, மனவுறுதி என்று நாங்கள் தமிழில் எழுதிக்கொள்கிறோம். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆறுமுகத் தாயக்கட்டைகளை உருட்டிக் கூட்டியதே மதிப்பு. விரும்பினால் ஏதாவது இரண்டை இடம் மாற்றலாம். ஆபத்தான முயற்சி வரும்போது இருபது முகக் கட்டையை உருட்டி, உரிய ஆற்றலின் அளவோ அதற்குக் குறைவோ வந்தால் தப்பித்தாயிற்று. பன்னிரண்டு வைத்திருப்பவருக்கு நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்பது கணக்கு வகுப்பு இல்லாமலே விளங்குகிறது. வீரர், சூனியக்காரர், கள்வர் என்ற வகுப்புப் பிரிவுகள் இல்லை. படிநிலை உயர்வும் இல்லை. பாத்திரம் எதைச் சுமந்து செல்கிறதோ அதுவே அது யார் என்பதைத் தீர்மானிக்கிறது.

சுமையைப் பற்றிய விதியே இந்நூலின் உயிர் என்று நான் நினைக்கிறேன். ஒருவருக்குப் பத்து இடங்கள் மட்டும் உண்டு. பந்தம், கயிறு, சாப்பாடு, கத்தி என்று ஒவ்வொன்றும் ஓர் இடத்தைப் பிடிக்கிறது. பெரிய பொருள் இரண்டு இடங்களைப் பிடிக்கும். களைப்பும் ஓர் இடத்தைப் பிடிக்கிறது. மந்திரநூல் ஒன்றைச் சுமப்பதற்கு ஓர் இடம் வேண்டும். அதைப் பயன்படுத்தினால் களைப்பாக இன்னோர் இடம் போகும். பத்தும் நிறைந்துவிட்டால் அடியைத் தாங்கும் காப்புப் புள்ளிகள் பூச்சியமாகிவிடும். இதனால் கதையின் ஒவ்வொரு கட்டத்திலும் எதை வைத்துக்கொள்வது, எதைப் போட்டுவிட்டுப் போவது என்று மேசையில் கலந்துரையாடல் எழுகிறது. அதிகம் பேசாத பிள்ளைகூட இந்த இடத்தில் வாய்திறக்கிறது. ஏனெனில் கயிறு அந்தப் பிள்ளையிடம் இருக்கிறது. சுமையும் கைவிடுதலும் பெரியவர்களுக்கு வேறு நினைவுகளைத் தரக்கூடும் என்பதால், பெரியவர்களோடு ஆடும்போது இதை ஊர் பெயரும் கதையாக மாற்றாமல், காட்டுக்குப் போய்த் திரும்பி வரும் கதையாகவே வைத்திருக்கிறேன்.

சண்டை பற்றியும் சொல்ல வேண்டும். கெயர்னில் தாக்குதல் தவறுவதில்லை. ஆயுதத்தின் கட்டையை உருட்டி, எதிரியின் கவசத்தைக் கழித்தால் மிஞ்சுவது பாதிப்பு. காப்புப் புள்ளிகள் தீர்ந்தபின் அது நேரே வலுவைக் குறைக்கும். வலு பூச்சியமானால் மரணம். சண்டை விரைவில் முடிகிறது, ஆபத்தானதாகவும் இருக்கிறது. இதனைச் சிலர் குறையாகக் கூறுவார்கள். எனக்கு இது நிறைவானது: சண்டை செலவு மிக்கது என்று விதியே சொல்வதால், பிள்ளைகள் முதலில் பேசிப் பார்க்கிறார்கள், சுற்றிப் போகிறார்கள், ஏமாற்றுகிறார்கள், உணவைக் கொடுத்து விலங்கை விலக்குகிறார்கள். நூலின் தொடக்கத்தில் நடத்துபவருக்கும் ஆடுபவர்களுக்கும் தனித்தனியே தரப்பட்டுள்ள அறிவுரைகளும் இதையே சொல்கின்றன. ஆபத்தை மறைத்து வைத்துத் திடீரென்று காட்டாமல், முன்கூட்டியே அறிகுறிகளைக் கொடுக்கும்படி நடத்துபவருக்குச் சொல்லும் பகுதியை எவரும் இருமுறை வாசிக்க வேண்டும். அந்த இரண்டொரு பக்கம் மட்டுமே நூலை அச்சிடும் செலவுக்கு ஈடாகும். முதற்பதிப்பு நூலில் ஆயத்தக் கதை எதுவும் இல்லாததால் நடத்துபவர் தாமே ஒரு சிறு வரைபடத்தையும் சில பாத்திரங்களையும் முதல் நாள் இரவே ஆயத்தம் செய்ய வேண்டியிருப்பது இதன் உண்மையான குறை.

எந்த விளையாட்டை எடுத்தாலும், ஜோன் ஸ்டவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டையை மேசையின் நடுவில் வைத்துவிட்டே தொடங்குங்கள். ஒரு தாள் துண்டில் பெரிய குறுக்குக்கோடு வரைந்தால் அது தயார். கதையில் வரும் எதுவும் ஒருவருக்கு ஒவ்வாவிட்டால் அவர் அந்த அட்டையைத் தொடலாம் அல்லது தூக்கலாம். உடனே அந்தப் பகுதி நீக்கப்பட்டு ஆட்டம் வேறு வழியில் தொடரும். ஏன் தொட்டாய் என்று எவரும் கேட்கக்கூடாது. இந்தக் கடைசி விதியையே நடத்துபவர் உறுதியாகக் காக்க வேண்டும். எங்கள் ஊரில் பிள்ளைகள் பெரியவர்கள் முன் வேண்டாம் என்று சொல்லத் தயங்குவார்கள். ஆகவே முதலில் நடத்துபவரே ஏதாவது ஒரு சிறு விடயத்துக்கு அட்டையைத் தொட்டுக் காட்டினால் மற்றவர்களின் கூச்சம் போய்விடுகிறது.

கயோசியம் நிறுவனம் 1981 முதல் வெளியிடும் கோல் ஒஃப் கதுலூ விளையாட்டையும் சிலர் கேட்கிறார்கள். துப்பறியும் கதை விரும்புவோருக்கு அது அருமையான ஆக்கம்; ஒன்று முதல் நூறு வரையான எண்ணாக உருட்டும் அதன் முறை எளிது; தொடக்கப் பெட்டியில் தனியொருவர் வாசித்தபடியே ஆடிப் பழகும் கதையும் இருக்கிறது. ஆனால் பயங்கரத்தைக் கண்டவரின் மனம் படிப்படியாகச் சிதைவதை எண்களால் அளந்து காட்டுவதே அந்த விளையாட்டின் மையம். விருப்பத்தோடு தேர்ந்தெடுக்கும் வளர்ந்தவர்களுக்கு அதை விட்டுவிடுகிறேன். பாடசாலை மேசைக்கு அது வேண்டாம்.

கூட ஆட ஆள் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். மல்லாவியிலோ நெடுங்கேணியிலோ இருந்துகொண்டு, இந்த ஆர்வம் தனக்கு மட்டும்தானா என்று எண்ணும் மாணவிக்கு ஷோன் டொம்கின் 2018இல் வெளியிட்ட அயர்ன்ஸ்வோர்ன் பொருந்தும். அதன் மின்னூல் இலவசம். நடத்துபவர் இல்லாமல் தனியாகவோ சிலர் சேர்ந்தோ ஆடக்கூடியவாறு எழுதப்பட்டது. அடுத்து என்ன நடக்கிறது என்ற கேள்விக்குத் தாயக்கட்டைப் பட்டியல்கள் பதில் தருகின்றன. இருநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஆங்கிலம் என்பதால் உடனே தொடங்கிவிட முடியாது. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸின் 2019ஆம் ஆண்டு எசென்ஷியல்ஸ் பெட்டியிலும் ஒரு நடத்துபவர், ஓர் ஆடுபவர் என்று இருவர் மட்டும் ஆடுவதற்குத் துணைப்பாத்திர விதிகள் உண்டு. வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும் இருந்தால் அதனை நினைவில் வைக்கலாம்.

தாயக்கட்டைக்காக எவரும் காத்திருக்க வேண்டாம். பான்சிக் கடைகளில் லூடோவோடு கிடைக்கும் ஆறுமுகக் கட்டைகளில் இரு நிறத்தில் இரண்டு இருந்தால் மற்றவற்றுள் பெரும்பாலானவற்றை அவற்றிலிருந்தே பெறலாம். நான்கு முகத்துக்கு ஒன்றை உருட்டி, ஐந்தும் ஆறும் வந்தால் மீண்டும் உருட்டுங்கள். எட்டு முகத்துக்கு அதே முறையில் நான்குக்குள் ஓர் எண்ணை எடுத்து, மற்ற நிறக் கட்டையில் நான்கோ ஐந்தோ ஆறோ விழுந்தால் அதனோடு நான்கைக் கூட்டுங்கள். பத்து முகத்துக்கு ஆறை மட்டும் தவிர்த்து ஐந்துக்குள் எண் எடுத்து, மற்றக் கட்டை உயர்பாதியில் விழுந்தால் ஐந்தைக் கூட்டுங்கள். பன்னிரண்டு முகத்துக்கு எதையும் தவிர்க்காமல் எண் எடுத்து, மற்றக் கட்டை உயர்பாதியில் விழுந்தால் ஆறைக் கூட்டுங்கள். இருபது முகத்துக்கு, ஒன்று முதல் இருபது வரை எழுதிய சீட்டுகளைப் பால்மா ரின் ஒன்றில் போட்டுக் குலுக்கி எடுத்துத் திரும்பப் போடுவதே இலகு. கைத்தொலைபேசியிலும் செயலிகள் உண்டு. ஆனால் மேசையில் ஒரு தொலைபேசி வெளியே வந்தால் மற்றவையும் வந்துவிடுகின்றன என்பதால், நான் ரின்னையே விரும்புகிறேன்.

இறுதியாக உரிமம் பற்றிய ஒரு செய்தி. தமிழில் வேலை செய்ய விரும்புவோருக்கு இது முக்கியமானது. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் அதனை மொழிபெயர்த்துப் பரப்பலாம். கெயர்னின் எழுத்தும் அத்தகைய உரிமத்தில்தான் இருக்கிறது. மொழிபெயர்ப்பையும் அதே உரிமத்தில் மற்றவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்ற ஒரு நிபந்தனை மட்டும் அதற்கு மேலதிகமாக உண்டு. முன்னதன் விதித்தொகுப்பு பல நூறு பக்கம். பின்னதை ஒரு சிறு குழு விடுமுறைக் காலத்தில் முடித்துவிடலாம். என்னோடு ஆடும் மாணவர்கள் பாத்திரம் உருவாக்கும் பகுதியையும் சண்டை விதிகளையும் கையெழுத்தில் தமிழாக்கி, நிழற்படப் பிரதி எடுத்து மேசையில் வைத்திருக்கிறார்கள். நூறு மந்திரங்களின் பட்டியலும் விலங்குகளின் பட்டியலும் இன்னும் பாக்கி. விலங்குகளில் கரடியையும் முதலையையும் தாங்களே எழுதித் தருவதாக இரண்டு பேர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.